பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் ‘அப்நார்மல்’ என்று வந்தால்: கால்போஸ்கோபி முதல் ஃபாலோ-அப் வரை என்ன நடக்கும்?

டீம் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த பிடிஎஃப் என் வாட்ஸ்ஆப்பில் வந்து விழுந்தது. ஆபீஸ் பேக்கேஜில் வருடத்துக்கு ஒருமுறை செய்யும் மாஸ்டர் ஹெல்த் செக்கப். சர்க்கரை நார்மல். தைராய்டு நார்மல். வைட்டமின் டி வழக்கம்போலக் குறைவு. கடைசிப் பக்கத்தில் மட்டும் ‘எபிதீலியல் செல் அப்நார்மாலிட்டி: ஏஎஸ்சி-யுஎஸ்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ‘மருத்துவரை அணுகவும்’. அவ்வளவுதான்.

எண்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவள் நான். ஒரு சதவீதத்தைப் பார்த்தால், எதில் சதவீதம் என்று கேட்பதுதான் என் வேலை. ஆனாலும் அன்று மீட்டிங் முடிவதற்குள் கூகுளில் தேடித் தேடி, மனதளவில் கீமோதெரபி வரைக்கும் போய்விட்டேன். அந்த ரிப்போர்ட்டை அனுப்பிய லேபிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்த மதியத்தில் எனக்குத் தேவைப்பட்ட விஷயங்களைப் பற்றியது.

அந்த வரி உண்மையில் என்ன சொல்கிறது?

பாப் ஸ்மியர் ஒரு ஸ்க்ரீனிங் சோதனை. கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியிலிருந்து சின்ன பிரஷ்ஷால் கொஞ்சம் செல்களைத் தடவி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். தனித்தனிச் செல்களைத்தான் பார்க்கிறார்கள், அவை இருந்த திசுவை அல்ல. அதனால் இந்தச் சோதனையை மட்டும் வைத்து ‘உங்களுக்கு இது இருக்கிறது’ என்று யாராலும் முடிவுகட்ட முடியாது. ‘இங்கே இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க’ என்பதுதான் அதன் அதிகபட்சச் செய்தி.

ரிப்போர்ட்டில் இருக்கும் எழுத்துகள் 1988-ல் அமெரிக்காவில் உருவான பெதெஸ்டா முறையைச் சேர்ந்தவை. ‘என்ஐஎல்எம்’ என்று இருந்தால் நல்ல செய்தி, கவலைப்படும்படியான மாற்றம் இல்லை. பல லேப்கள் இதோடு ‘இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர்’ என்றும் சேர்த்து எழுதுவார்கள். அது அழற்சி மட்டும்தான். அதைப் படித்துவிட்டு அழுத ஒரு தோழியை எனக்குத் தெரியும்.

ஏஎஸ்சி-யுஎஸ் என்பது எனக்கு வந்தது, அப்நார்மல் ரிப்போர்ட்களிலேயே அதிகம் காணப்படுவதும் இதுதான். ‘செல் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு, ஆனா என்னன்னு உறுதியா சொல்ல முடியல’ என்று பேத்தாலஜிஸ்ட் கைவிரிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். எல்எஸ்ஐஎல் என்றால் லேசான மாற்றம். பெரும்பாலும் ஹெச்பிவி வைரஸ் தொற்றின் அடையாளம். ஹெச்எஸ்ஐஎல், ஏஎஸ்சி-ஹெச், ஏஜிசி ஆகிய மூன்றும் வேறு ரகம். இவை வந்தால் ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

சரி, எவ்வளவு ஆபத்து? அமெரிக்காவின் 2019 வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவான எண்ணாகவே வைத்திருக்கின்றன. தீவிரமான முன்புற்றுநோய் மாற்றமோ அதற்கு மேலோ இருப்பதற்கான வாய்ப்பு 4 சதவீதத்தைத் தொட்டால் கால்போஸ்கோபி செய்ய வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் கோடு. ஏஎஸ்சி-யுஎஸ், கூடவே ஹெச்பிவி பாசிட்டிவ் என்றால் அந்த வாய்ப்பு நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது அந்தப் பரிசோதனைக்கு அனுப்பப்படும் நூறு பேரில் ஏறக்குறைய 95 பேருக்குப் பெரிதாக எதுவும் இருக்காது. ஹெச்எஸ்ஐஎல், கூடவே ஹெச்பிவி பாசிட்டிவ் என்றால் கதை மாறுகிறது. அங்கே வாய்ப்பு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஏஎஸ்சி-யுஎஸ் வந்து ஹெச்பிவி நெகட்டிவ் என்றால், மூன்று வருடம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இவை அமெரிக்கப் பெண்களின் தரவிலிருந்து வந்த எண்கள். 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கு வேறு. ஆனால் ஒரு விஷயம் எல்லோருக்கும் பொருந்தும். ரிப்போர்ட் கையில் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘ஹெச்பிவி டெஸ்ட் செஞ்சீங்களா?’. உங்கள் சாம்பிளைக் கண்ணாடித் தகட்டில் தேய்க்காமல் திரவத்தில் போட்டு எடுத்திருந்தால், பெரும்பாலும் அதே குப்பியிலிருந்தே ஹெச்பிவி சோதனையும் செய்ய முடியும். இன்னொரு முறை போய்ப் படுக்க வேண்டியதில்லை.

‘யாரிடமிருந்து வந்தது?’

கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்குக் கிட்டத்தட்ட எல்லா நேர்வுகளிலும் காரணம் ஹெச்பிவி வைரஸ்தான். அதைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதப் புற்றுநோய்களுக்குப் பொறுப்பு.

இது உடலுறவு மூலம் பரவுகிறது. இந்த ஒரு வாக்கியம் இந்திய வீடுகளில் என்னென்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹெச்பிவி பாசிட்டிவ் என்று கேட்ட அடுத்த நிமிடமே சந்தேகம் கணவன் மேலோ, மனைவி மேலோ, பழைய காதல் மேலோ பாய்கிறது. ஆனால் இந்த வைரஸ் பல வருடங்கள் எந்த அடையாளமும் காட்டாமல் உடலில் தங்கியிருக்கக் கூடியது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்த டெஸ்ட்டும் சொல்லாது. ஒரே ஒருவருடன் மட்டும் உறவில் இருந்தவர்களுக்கும் வரும். உடலுறவில் ஈடுபடும் ஆண், பெண் இருவரில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது இது வந்து போகிறது. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு வருடத்துக்குள் தானாகவே அடங்கிவிடுகின்றன. இதை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க முடியாது.

சில லேப்களிலும் கிளினிக்குகளிலும் இன்றும் ‘மேரீடா?’ என்ற கேள்வியோடுதான் இந்த டெஸ்ட் தொடங்குகிறது. அவர்கள் உண்மையில் கேட்க நினைப்பது உடலுறவில் ஈடுபட்டிருக்கிறீர்களா என்பதை. திருமணமாகாத நான் ஒருமுறை ‘இல்லை’ என்று சொன்னதும், ‘அப்ப உங்களுக்கு இது தேவையில்ல மேடம்’ என்று படிவத்தில் கோடு போட்டுவிட்டார்கள். அடுத்த முறை அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அவர்களுக்குத் தேவையான பதிலை நேராகச் சொன்னேன். கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பத்து விநாடிகளுக்கு.

எவ்வளவு நேரம் இருக்கிறது?

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு மகளிர் மருத்துவமனை. 1960-களில் அங்கே ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர், தீவிர முன்புற்றுநோய் மாற்றம் புற்றுநோயாக மாறாது என்று நம்பினார். அதை நிரூபிக்க, பல பெண்களுக்கு முறையான சிகிச்சை தராமல் வெறுமனே கண்காணித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்களுக்கு இது தெரியாது. விஷயம் வெளியே வந்து, 1988-ல் கார்ட்ரைட் விசாரணை அறிக்கை அந்நாட்டு மருத்துவத் துறையையே உலுக்கியது.

அந்தப் பெண்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. சிஐஎன் 3 எனப்படும் மிகத் தீவிரமான முன்புற்றுநோய் நிலையில், சிகிச்சையின்றி விடப்பட்டவர்களில் 30 வருடங்களில் 31 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் 0.7 சதவீதம்.

இப்படி ஒரு தரவு உலகில் இருந்திருக்கவே கூடாது. ஆனால் இருக்கிறது, அதனால் அதை ஒழுங்காகப் படிக்க வேண்டிய கடமையும் இருக்கிறது. மிக மோசமான நிலையிலும் மாற்றம் வருடக்கணக்கில்தான் நகர்கிறது. எனவே உங்கள் ஏஎஸ்சி-யுஎஸ் ரிப்போர்ட்டுக்காக இன்று ராத்திரியே எமர்ஜென்சிக்கு ஓட வேண்டாம். சில வாரங்களில் ஒரு நல்ல கைனகாலஜிஸ்ட்டிடம் அப்பாயின்ட்மென்ட் போதும். அதே சமயம், போகாமலே விட்டுவிட்டால் 0.7 எனும் எண் 31-ஐ நோக்கி நகரத் தொடங்குகிறது.

இந்தியாவில் பிரச்னை இந்தப் ‘போகாமலே விட்டுவிடுவது’தான். குளோபோகான் மதிப்பீட்டின்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்தது. சுமார் 79,900 பேர் இறந்தார்கள். தேசிய குடும்ப நல ஆய்வு-5-ன்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது ஸ்க்ரீனிங் செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நம் ஊர்க் கணக்கு மேல் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், ஆனால் பத்தில் ஒன்பது பேர் அங்கேயும் வெளியேதான் நிற்கிறார்கள்.

ஸ்க்ரீனிங் செய்துகொண்டவர்களாவது அடுத்த படிக்குப் போகிறார்களா? மும்பை குடிசைப் பகுதிகளில் 1998-ல் டாடா மெமோரியல் மருத்துவமனை தொடங்கிய மிகப் பெரிய ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது கிட்டத்தட்ட நம் சமையலறை வினிகரை, கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்க்க வைத்தார்கள். சுமார் 75,000 பெண்களுக்கு இந்த ஸ்க்ரீனிங். 12 வருட முடிவில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணங்கள் 31 சதவீதம் குறைந்திருந்தன. இன்று அரசின் ஆரம்ப சுகாதார மட்டத்தில் 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிந்துரைக்கப்படுவதும் இதே வினிகர் சோதனைதான்.

ஆனால் எனக்கு அந்த ஆய்வில் உறுத்திய எண் வேறு. ‘உங்களுக்கு ஏதோ இருக்கலாம், உறுதிப்படுத்த வாங்க’ என்று அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 79 சதவீதம். வீட்டு வாசலுக்கே போய் அழைத்த ஒரு திட்டத்தில், அதுவும் நாட்டின் முன்னணி மருத்துவமனை பின்னால் நின்ற திட்டத்தில், ஐந்தில் ஒருவர் வரவில்லை. வாட்ஸ்ஆப்பில் ஒரு பிடிஎஃப் மட்டும் அனுப்பிவிட்டு அமைதியாகிவிடும் லேபிலிருந்து எத்தனை பேர் அடுத்த படிக்குப் போவார்கள்?

கால்போஸ்கோபி அறைக்குள்

எனக்கு ஹெச்பிவி பாசிட்டிவ் வந்தது. அடுத்தது கால்போஸ்கோபி. பெயரைக் கேட்டால் எண்டோஸ்கோபி மாதிரி எதையோ உள்ளே விடுவார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. கால்போஸ்கோப் என்பது வெளிச்சமும் லென்ஸும் உள்ள ஒரு பெரிய பூதக்கண்ணாடி. அது வெளியிலேயேதான் நிற்கும். உள்ளே போவது பாப் ஸ்மியரில் பயன்படும் அதே ஸ்பெகுலம்தான்.

கால்களை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். முதலில் அதே அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார்கள். லேசாகக் குளிரும், சிலருக்குச் சுரீர் என்றிருக்கும். மாற்றம் அடைந்த பகுதிகள் வெள்ளையாகத் தெரியும். பிறகு அயோடின். ஆரோக்கியமான திசு பழுப்பு நிறமாகும், மாறியது நிறம் பிடிக்காமல் நிற்கும். சந்தேகமான இடத்திலிருந்து அரிசி அளவுக்கு ஒரு துண்டைக் கிள்ளி எடுப்பதுதான் பயாப்ஸி. சிலருக்குக் கர்ப்பப்பை வாயின் உட்புறத்திலிருந்தும் கொஞ்சம் சுரண்டி எடுப்பார்கள். மொத்தம் பத்து இருபது நிமிடம். மயக்க மருந்து பொதுவாகத் தேவையில்லை.

வலிக்குமா? ‘ஒண்ணும் தெரியாது, எறும்பு கடிச்ச மாதிரி’ என்று நர்ஸ் சொன்னார். என் எறும்பு கொஞ்சம் பெரியது. மாதவிடாயின் மோசமான நாளில் வரும் பிடிப்பு ஒன்று, சில விநாடிகள், பிறகு குறைந்துவிட்டது. சிலருக்குக் கிட்டத்தட்ட எதுவும் தெரிவதில்லை, சிலருக்கு நன்றாகவே வலிக்கிறது. முன்பே டாக்டரிடம் கேட்டு ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகலாம். அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி தர முடியுமா என்றும் கேட்கலாம். நடுவில் ‘நிறுத்துங்க’ என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. கர்ப்பமாக இருந்தாலோ, அயோடின் அலர்ஜி இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். பீரியட்ஸில் அதிக ரத்தப்போக்கு இருக்கும் நாட்களைத் தவிர்த்துத் தேதி வாங்குங்கள்.

பையில் ஒரு நாப்கின் கட்டாயம். பயாப்ஸி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க ஒரு பேஸ்ட் தடவுவார்கள். அது அடுத்த ஓரிரு நாட்கள் காபித்தூள் மாதிரி கறுப்பாக வெளியே வரும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்றிரவு பாத்ரூமில் நின்று பயந்து நடுங்கியதுதான் இந்தக் கட்டுரைக்கு முதல் விதை. சில நாட்கள் லேசான ரத்தக்கசிவு இருக்கலாம். டாக்டர் சொல்லும் நாள் வரை உடலுறவு, டாம்பான், மென்ஸ்ட்ருவல் கப் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தம், காய்ச்சல், துர்நாற்றம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே திரும்பப் போங்கள்.

‘எதுக்கு ரிஸ்க், கர்ப்பப்பையை எடுத்துடலாமே’

பயாப்ஸி முடிவு ஓரிரு வாரத்தில் வரும். இப்போது எழுத்துகள் மாறும். சிஐஎன் 1, 2, 3. இது திசுவைப் பார்த்துச் சொல்வது என்பதால் முந்தைய ரிப்போர்ட்டைவிட நம்பகமானது.

சிஐஎன் 1-க்கு, லேசான ஸ்மியர் ரிப்போர்ட்டுக்குப் பிறகு வந்திருந்தால், பொதுவாகச் சிகிச்சை கிடையாது. ஒரு வருடம் கழித்து மறுபடி டெஸ்ட். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். சிஐஎன் 2 நடுவில் நிற்பது. 2018-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, சிகிச்சையின்றிக் கவனித்துவந்தாலே இரண்டு வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குறைந்துவிடுகிறது. சுமார் 18 சதவீதம் பேருக்கு அதிகமாகிறது. அதனால் குழந்தை பெறும் திட்டம் இருப்பவர்கள், நெருக்கமான கண்காணிப்போடு காத்திருக்கலாமா என்று டாக்டரிடம் பேசலாம். சிஐஎன் 3-க்குச் சிகிச்சை வேண்டும்.

அந்தச் சிகிச்சையும் பெரிய ஆபரேஷன் இல்லை. லீப் என்ற முறையில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் மாறிய திசுவைச் சீவி எடுப்பார்கள். பொதுவாக அன்றே வீடு திரும்பலாம். சில வாரங்கள் கசிவு இருக்கும், உடலுறவு சுமார் நான்கு வாரத்துக்கு வேண்டாம். சிலருக்குக் குளிரால் உறையவைத்தோ சூட்டால் பொசுக்கியோ செய்யும் முறை போதும். லீப்புக்குப் பிறகும் கருத்தரிக்க முடியும். ஆழமாக வெட்டியிருந்தால் குறைப்பிரசவ வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்பதால், எவ்வளவு ஆழம் எடுத்தார்கள் என்று கேட்டு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்எஸ்ஐஎல் வந்தவர்களுக்குச் சில டாக்டர்கள் பார்த்த கையோடு அன்றே லீப் செய்வதும் உண்டு. அது ஏற்கப்பட்ட முறைதான், ஆனால் நீங்கள் படுக்கும் முன்பே அது பேசப்பட்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் நாட்டின் இரண்டாவது பிரச்னை எட்டிப்பார்க்கிறது. ‘குழந்தைதான் பொறந்தாச்சே, எதுக்கு ரிஸ்க்?’ என்ற ஆலோசனை. தேவையற்ற கர்ப்பப்பை நீக்க அறுவை சிகிச்சைகள் தொடர்பான பொதுநல வழக்கில், அவற்றைத் தடுக்கும் மத்திய அரசு வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. முன்புற்றுநோய் மாற்றத்துக்குக் கர்ப்பப்பை நீக்கம் முதல் சிகிச்சை அல்ல. சில குறிப்பிட்ட சூழல்களில் தேவைப்படலாம். அப்படி எடுத்தாலும் ஃபாலோ-அப் சோதனைகளிலிருந்து விடுதலை கிடைக்காது. பிறப்புறுப்பின் மேற்பகுதியை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். எனவே கர்ப்பப்பையை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், பயாப்ஸி ரிப்போர்ட்டோடு இரண்டாவது டாக்டரைப் பாருங்கள். ஸ்மியர் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துச் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம். டெல்லியில் திருமணமாகாத 44 வயதுப் பெண் ஒருவருக்குப் பரிசோதனைக்கான லேப்ராஸ்கோபி மட்டும் செய்வதாக இருந்தது. அவர் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்த வழக்கில் 2008-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது, வயதுவந்த ஒருவருக்குப் பதில் அம்மா சம்மதம் தருவதும் செல்லாது என்று. கணவர் கையெழுத்து வேண்டும் என்று கவுன்டரில் கேட்டாலும் இதே கொள்கைதான். உங்கள் உடலுக்கு உங்கள் கையெழுத்து போதும். கையெழுத்துப் போடும் முன் படிவத்தில் என்னென்ன செய்வதாக எழுதியிருக்கிறது என்று மட்டும் படித்துவிடுங்கள்.

ஆபீஸ், இன்ஷூரன்ஸ், அம்மா

கால்போஸ்கோபி பெரும்பாலும் ஓபிடி செலவு. அதனால் பல பாலிசிகளில் வராது. லீப் டே-கேர் பட்டியலில் இருக்கிறதா என்று செய்வதற்கு முன்பே டிபிஏ-விடம் மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கால்போஸ்கோபிக்கு அரை நாள் லீவ் போதும் என்றார்கள். நான் ஒரு நாள் எடுத்தேன், நல்லதாகப் போயிற்று. ஹெச்ஆரிடம் ‘மெடிக்கல் ப்ரொசீஜர்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் கம்பெனிக்கும் போகிறதா என்று மட்டும் ஒருமுறை கேட்டு வையுங்கள்.

சிகரெட் பிடிப்பவர் என்றால் நிறுத்த இது சரியான காரணம். புகை, உடல் இந்த வைரஸை வெளியேற்றுவதைக் கடினமாக்குகிறது. ஹெச்ஐவி உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்பதால் அவர்களுக்கான சோதனை இடைவெளியும் வேறு. ஹெச்பிவி தடுப்பூசி ஏற்கெனவே இருக்கும் தொற்றைக் குணப்படுத்தாது. ஆனால் உடலில் இன்னும் நுழையாத வகைகளிலிருந்து காக்கும், உங்கள் வயதுக்குப் பயன் உண்டா என்று கேளுங்கள்.

வீட்டில் சொல்வதா? நான் மூன்று வாரம் சொல்லவில்லை. பயாப்ஸி முடிவு வந்த பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, ‘இதுக்கு எனக்கும் டெஸ்ட் பண்ணணுமா?’ என்றார். அவருக்கு வயது 58. ஒருமுறைகூடச் செய்ததில்லை. அந்த வாரமே கூட்டிப் போக அண்ணியிடம் சொன்னேன். அம்மாவுக்கு என்ஐஎல்எம்.

எனக்கு சிஐஎன் 1. டாக்டர் ஒரு வருடம் கழித்து வரச் சொன்னார், யாரும் ரிமைண்டர் அனுப்ப மாட்டார்கள் என்பதையும் அவரே சொன்னார். சிஐஎன் 2, 3-க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இந்த அட்டவணை இன்னும் நீளம். ஆறு மாதத்தில் ஹெச்பிவி டெஸ்ட், பிறகு மூன்று வருடம் வருடத்துக்கு ஒன்று, அதன்பின் மூன்று வருடத்துக்கு ஒன்று என்று குறைந்தது 25 வருடம். வேலை மாறும், ஊர் மாறும், ஆபீஸ் மெயில் ஐடி மாறும். நான் என் தேதியைப் பர்சனல் காலண்டரில் போட்டு, பிடிஎஃப், பயாப்ஸி ரிப்போர்ட், கால்போஸ்கோபி படம் மூன்றையும் அந்தத் தேதியோடு இணைத்து வைத்திருக்கிறேன்.